பூகம்பம் எங்கே வரும் என்று தெரியாது. ரத்தத்தை எங்கே வைப்பது?

பூகம்பச் செய்தி வந்ததும் நமக்கெல்லாம் முதலில் தோன்றுவது, போய் ஒரு பை ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம் என்பதுதான். நல்ல எண்ணம், குறை சொல்லவில்லை. ஆனால் அன்று கொடுக்கிற ரத்தம் அன்றே அடிபட்டவருக்குப் போய்ச் சேருவது அபூர்வம். குரூப் பார்க்க வேண்டும், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் எல்லாம் சோதிக்க வேண்டும், அப்புறம் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரிக்க வேண்டும். இதற்கே ஏறக்குறைய ஒரு நாள் போய்விடும். முதல் நாளில் கைகொடுப்பது அந்த ஊர் ஃபிரிட்ஜில் ஏற்கெனவே இருக்கும் ரத்தம்தான்.

2025 மார்ச் 28 மதியம் பர்மாவில் சகைங் பிளவு என்ற நிலத்தடி விரிசல் 7.7 அளவில் குலுங்கியபோது என்ன ஆயிற்று? மாண்டலே, நேபிடா விமான நிலையங்கள் இரண்டும் மூடப்பட்டன, ரங்கூன்-மாண்டலே விரைவுச் சாலை பல இடங்களில் பிளந்தது, 1934இல் கட்டிய ஆவா பாலம் ஐராவதி ஆற்றில் விழுந்தது. 600 கிலோமீட்டருக்கு அப்பால் ரங்கூனில் எத்தனை பை இருந்தாலும், அன்று மதியம் சகைங் ஊரில் அடிபட்டுக் கிடந்தவருக்கு அது இல்லாத கணக்குதான்.

சரி, எல்லா ஊரிலும் முன்கூட்டியே நிறைய நிரப்பி வைத்துவிடலாமே என்றால், ரத்தம் அரிசி மூட்டை இல்லை. சிவப்பணு 2 முதல் 6 டிகிரி குளிரில், உள்ளே சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள் தாங்கும். தட்டணுவுக்கு ஐந்து நாள்தான், அதுவும் ஃபிரிட்ஜில் வைக்காமல் 20-24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உறைய வைத்த பிளாஸ்மா ஒரு வருடம்கூட இருக்கும், ஆனால் கரண்ட் போனால் அதுவும் போச்சு. பூகம்பமோ எந்த வருடம், எந்த ஊர் என்று சொல்லிவிட்டு வருவதில்லை. இதே பிளவுதான் 1930 மே மாதம் பெகுவை அடித்து, 500 பேர் அளவில் கொன்றது. பெகுவோ ரங்கூனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இங்கேதான் திட்டமிடுகிறவர்களின் கணக்கு வருகிறது. விளக்கத்துக்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். உபரியாக 40 பை இருக்கிறது. எந்த ஊரில் பூகம்பம் வந்தாலும் முதல் நாளில் 40 பை தேவை. ரங்கூன் பக்கம் வர 60 சதவீத வாய்ப்பு, மாண்டலே பக்கம் 40. எல்லாவற்றையும் ரங்கூனில் வைத்தால் சராசரியாக 16 பை குறையும். பாதிப் பாதியாகப் பிரித்தால் எங்கே வந்தாலும் 20 குறையும். சராசரியை மட்டும் பார்ப்பவர் ரங்கூனிலேயே வை என்பார். ஆனால் 20 பை குறைந்தால் டாக்டர்கள் எப்படியாவது சமாளிப்பார்கள், அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள், ஏற்கெனவே சோதித்து வைத்த கொடையாளிகளைக் கூப்பிடுவார்கள். மாண்டலேயில் 40-ம் இல்லையென்றால் சமாளிக்க ஒன்றுமே இல்லை. முதல் பத்துப் பை குறைவதும் கடைசிப் பத்துப் பை குறைவதும் ஒரே எடை இல்லை என்பதைக் கணக்கில் சேர்த்ததும் பிரித்து வைப்பதே ஜெயிக்கிறது. ரங்கூனே ஆடினால் அங்கிருக்கும் ஃபிரிட்ஜும் ஜெனரேட்டரும் தப்பும் என்று யார் சொன்னது, அது வேறு.

பிரித்து வைத்ததில் பாதி கெட்டுப்போகாதா? சின்ன ஊரில் வாரத்துக்கு நாலைந்து பைதான் செலவாகும் என்றால் கெடும்தான். அதற்குத்தான் சுழற்சி: இரண்டு மூன்று வாரம் அங்கே இருந்த பையைத் திருப்பி எடுத்து, நாளுக்கு நாள் செலவாகும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு, புதியதை அங்கே வைப்பது. வண்டிச் செலவும் ஐஸ் பெட்டியும்தான் விலை. மார்ச், ஏப்ரலில் மாண்டலே வெயில் 40 டிகிரியைத் தொடும்போது அந்த ஐஸ் பெட்டி சும்மா விஷயம் இல்லை. என்னைக் கேட்டால், பேரிடர் ரத்தத் திட்டத்தில் உருப்படியான பகுதி இந்தச் சலிப்பான வண்டி ஓட்டம்தான்.

பிந்தி வந்து தேவைக்கு மேல் குவியும் ரத்தமும் ஒரு பிரச்சினை. 2003இல் ஈரானின் பாம் நகரப் பூகம்பத்துக்குப் பிறகு சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பைகள் குவிந்தன, ஆஸ்பத்திரிகளுக்குப் போனது கால்பங்குகூட இல்லை. பூகம்பத்தில் நசுங்கியவர்களில் பலருக்கு ரத்தத்தைவிட அவசரம் சலைனும், சிறுநீரகம் நின்றுபோனால் டயாலிசிஸும். அது போக, எல்லோரும் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டால் அடுத்த இரண்டு மூன்று மாதம் கொடுக்க ஆள் இருக்காது, கொடுத்ததோ 42ஆம் நாளுக்குள் ஒன்றாகக் காலாவதியாகும். மார்ச் கடைசியில் எல்லோரும் கொடுத்து முடித்த பிறகு, ஏப்ரலில் விபத்து கூடும் தண்ணீர்த் திருவிழாவுக்கு யாரைக் கூப்பிடுவது?

ஆகவே, கெடாமல் ரத்தத்தை வைத்திருக்கும் ஒரே இடம் மனித உடம்பு என்று சொல்லி, ஆட்களின் பட்டியலையே ஒரு கையிருப்பாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். பர்மாத் தமிழர்களான நமக்கு இதில் தனிக் காரணமும் உண்டு. பர்மியர்களில் நெகட்டிவ் குரூப் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தென்னிந்திய வழி வந்தவர்களில் ஐந்து பேர் அளவில் இருப்பார்கள். நாடு முழுமைக்குமான சராசரித் தேவையைப் பார்த்து நிரப்பும் ஃபிரிட்ஜில் ஓ நெகட்டிவ் பை இருக்க வாய்ப்பு குறைவு. அவசரத்தில் ஆண்களுக்கு ஓ பாசிட்டிவ் ஏற்றிச் சமாளிப்பார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அப்படி ஏற்றினால் பின்னால் கர்ப்பத்தில் குழந்தைக்குச் சிக்கல் வரலாம். கோயில், சங்கம் வழியாக நெகட்டிவ்காரர்களின் பெயர், தெரு, கடைசியாகக் கொடுத்த தேதி ஆகியவற்றைக் காகிதத்திலும் ஒரு பிரதி எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான். அன்றைக்கு போன் வேலை செய்யாது.