பிளாஸ்மானில் ரத்தம் எங்கிருந்து வந்தது?

போன மாதம் சேலத்தில் ஒரு கருத்தரங்கு. அழைப்பிதழில் ஒரு தலைப்பு: 'மேற்பரப்பு குருதிநீர் எதிரொலி'. பக்கத்து வீட்டு அக்கா அதைப் படித்துவிட்டு, "சுகரும் பார்ப்பாங்களா தம்பி?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆங்கிலத்தில் அது 'surface plasmon resonance', ஒளியை வைத்து மூலக்கூறுகளைக் கண்டுபிடிக்கும் முறை. அதற்கு இந்த மொழிபெயர்ப்பு என் கண்ணில் படுவது இது மூன்றாவது தடவை.

பிளாஸ்மா கிரேக்கச் சொல்; உருக்கொடுத்து வார்த்தது என்று பொருள். ரத்தத்தின் நீர்ப்பகுதிக்கும் அதே பெயர். 1928-ல் இர்விங் லாங்மியூர் அயனியான வாயுவுக்கும் அதையே வைத்தார். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் கூட்டமாக அலைபாயும் அல்லவா, அந்த அலையின் குவாண்டம், அதாவது அதன் மிகச் சிறிய ஆற்றல் துணுக்குதான் பிளாஸ்மான். ஆக, ரத்தத்துக்கு இங்கே வேலையே இல்லை. இந்த முறையில் வேலை செய்யும் கருவியில் சில சமயம் ரத்தச் சீரத்தை ஓடவிடுவது உண்மைதான். பெயர் அதனால் வந்ததல்ல.

கருவிக்குள் கண்ணாடிப் பட்டகத்தின் ஒரு முகத்தில் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப் பூச்சு இருக்கும். கண்ணாடி வழியாக வரும் ஒளி அதில் பட்டுத் திரும்பும். ஒரு கோணத்தில் மட்டும் திரும்பும் ஒளி சட்டென்று மங்கிவிடும். எலக்ட்ரான் அலை அதை வாங்கிக்கொண்டது. தங்கத்தின் மறுபக்கத்தில், தேடும் மூலக்கூறைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) ஒட்டிவைத்து மாதிரியை ஓடவிட்டால், அந்த மூலக்கூறு வந்து ஒட்டியதும் ஒளிவிலகல் எண் மாறும், மங்கும் கோணமும் நகரும். சாயம் எதுவும் ஏற்ற வேண்டாம். பட்டக அமைப்பு 1968-ல் வந்தது. சுவீடன்காரர்கள் இதை உணரியாக்கிக் காட்டியது 1983-ல்.

இனி அந்த 'எதிரொலி'. கத்தினால் திரும்பி வருவது எதிரொலி. இது வேறு. ஏற்காடு பஸ் கொண்டை ஊசி வளைவில் உறுமி ஏறும்போது, இன்ஜினின் ஒரு வேகத்தில் மட்டும் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் அடங்கிவிடும். அதுதான் ஒத்ததிர்வு. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலிலேயே இருக்கிற சொல். வெறும் 'அதிர்வு' என்று எழுதுகிறவர்கள் 'ஒத்து' என்பதைத் தொலைத்துவிடுகிறார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. வேதியியல்காரர்களின் 'உடனிசைவு' வேறு சங்கதி, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

'மேற்பரப்பு' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அலை ஓடுவது ஒளி வந்த பக்கத்தில் இல்லை, தங்கத்தின் மறுபக்கத்தில். அது மேலா கீழா என்பது பட்டகத்தை வைப்பதைப் பொறுத்தது. பரப்பு இழுவிசையில் 'மேல்' இல்லாமல் சமாளிக்கிறோமே, இங்கும் 'பரப்பு' போதும்.

பிளாஸ்மானுக்குத் தனித்தமிழ்ச் சொல் கேட்கும் நண்பர்களோடு சண்டையில்லை. ஆனால் எலக்ட்ரானை எலக்ட்ரான் என்றே படிக்கிற பிள்ளைக்கு, அதன் அலைக்கு மட்டும் வேறு வேஷம் எதற்கு? தூய தமிழ் என்று குருதியைக் கொண்டுவந்து கொட்டுவதற்கு, பிளாஸ்மானை அப்படியே விடுவது எவ்வளவோ மேல். என் கணக்கில் அது 'பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு'. நடுவில் வரும் 'ப்'பையும் விடாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். தமிழ்ச் சொல்லைக் காதில் வாங்காமல், "வெள்ளியில செய்யக் கூடாதா?" என்றார். செய்யலாம், மங்கும் இடம் இன்னும் கூர்மையாகவே தெரியும் என்றேன். அவரே முடித்தார்: "ஆனா கறுத்துப்போயிரும்."

கருத்தரங்குக்காரர்களிடமும் போனில் சொன்னேன். விழா நாளன்று பேனரைத் திருத்தியிருந்தார்கள்: 'மேற்பரப்பு பிளாஸ்மா எதிரொலி'.