தொடர்பு சதுரங்கம் அல்ல, அஞ்சல்வழிச் சதுரங்கம்

‘வரையப்பட்ட தொடர்பு சதுரங்க விளையாட்டு, ஸ்காட்ச் திறப்பு.’ இப்படி எழுதினால் சதுரங்கம் தெரிந்தவருக்கே ஒன்றும் பிடிபடாது. சொல்ல வந்தது என்ன? அஞ்சல்வழியில் ஆடிய ஓர் ஆட்டம் டிரா ஆனது, அதன் முதல் நகர்த்தல்கள் ஸ்காட்ச் என்ற தொடக்க வரிசை. அவ்வளவுதான். இந்தத் ‘தொடர்பு சதுரங்கம்’ என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்துவிட்டது.

ஆங்கிலத்தில் இது கரெஸ்பாண்டன்ஸ் செஸ். கரெஸ்பாண்டன்ஸ் லத்தீன் வழி வந்த சொல். ‘பதில் சொல்லுதல்’ அதன் வேரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பொருத்தம் என்றும் பொருள், கடிதப் போக்குவரத்து என்றும் பொருள். சதுரங்கத்துக்கு வந்தது இரண்டாவது.

‘தொடர்பு’ என்றால் எதுவும் தொடர்புதான். நேரில் உட்கார்ந்து ஆடுபவர்களுக்குள் தொடர்பு இல்லையா? இந்த ஆட்டத்தின் உயிர், நகர்த்தலை அனுப்பிவிட்டு நாள்கணக்கில் பதிலுக்குக் காத்திருப்பது. எடின்பரோ (ஸ்காட்லாந்து), லண்டன் சதுரங்கச் சங்கங்கள் 1824இல் தொடங்கிய 5 ஆட்டங்கள் முடிய 1828 ஆனது. எடின்பரோவுக்கு 2 வெற்றி, லண்டனுக்கு 1, மீதி 2 டிரா. ஸ்காட்ச் தொடக்கத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இந்தப் போட்டியால்தான். மொழி புரியாத இருவர்கூட ஆடலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு இலக்கம்: முதலாவது நெடுவரிசை, அடுத்தது கிடைவரிசை. அஞ்சலட்டையில் 5254 என்று எழுதினால் ஐந்தாம் நெடுவரிசையில் இ2 (e2) கட்டத்தில் இருக்கும் சிப்பாய் இ4க்குப் போகிறது, 5755 என்று பதில் வரும். அடுத்து 7163, 2836, 4244. ஸ்காட்ச் வந்துவிட்டது.

‘தொலைதூரச் சதுரங்கம்’ என்பாரும் உண்டு. ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் நமக்கு அது இணையத்தில் மூன்று நிமிடத்தில் ஆடி முடிக்கும் ஆட்டத்தோடு குழம்பும்.

இப்போது எல்லாம் சர்வரில் நடக்கிறதே, அஞ்சல் எங்கே என்று கேட்கலாம். மின்னஞ்சலில் தபால்காரரா வருகிறார்? கைமாற்றி அனுப்புவது என்ற பொருள் ‘அஞ்சல்’ என்ற சொல்லில் இருக்கிறது. அதனால்தான் ரிலே ஓட்டம் நமக்கு அஞ்சலோட்டம். அஞ்சல்வழிக் கல்வி என்பதை ஊரே அறியும். அதே ஆங்கிலச் சொல்லுக்கு அங்கே சரியாக வந்த தமிழ், சதுரங்கம் என்றதும் ஏன் காணாமல் போக வேண்டும்?

அப்புறம், ‘திறப்பு’ கதவுக்கு, கடைக்கு. ஆட்டத்துக்குத் தொடக்கம். டிராவை டிரா என்றே எழுதுங்கள், அல்லது சமன் என்று எழுதுங்கள்; ‘வரைந்த ஆட்டம்’ மட்டும் வேண்டாம். அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள், ஒரே ஓர் ஆட்டத்தையாவது முதலில் ஆடிப் பார்க்கட்டும்.