சக்குகா: படவரைவா, வரைநயமா?

சண்டைக்குப் பேர்போன அனிமே (ஜப்பானிய அசைவூட்ட) தொடர்களைப் பற்றி விவாதிப்போர், "கதையில் ஒன்றுமில்லை, ஆனால் சக்குகா அபாரம்" என்று தீர்ப்பளிப்பது வழக்கம். கதையை ஒரு தட்டிலும் சண்டைக் காட்சியை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்க உதவும் இந்தச் சொல், பிறந்த இடத்தில் அப்படியொரு தராசாக இருந்ததில்லை.

ஜப்பானிய மொழியில் இதை இரண்டு சீன எழுத்துகளால் எழுதுகிறார்கள். 'சக்கு' என்பது ஆக்குதலையும் 'கா' என்பது படத்தையும் குறிக்கும். (நடுவிலுள்ள ககரம் வல்லோசையுடையது, 'சகுகா' என்று எழுதினால் அதுவும் ஈற்றுக் ககரத்தைப் போலவே மென்மையாக ஒலித்துவிடும்.) அனிமே நிறுவனங்களில் அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் முதன்மைப் படங்களையும் அவற்றுக்கு இடையே வரும் இடைப்படங்களையும் வரைகின்ற வேலைக்கு இதுவே பெயர். அந்தப் படங்களைத் திருத்தி, பாத்திரங்களின் முகம் காட்சிக்குக் காட்சி மாறாமல் காப்பவர் 'சக்குகா கன்தொக்கு'. திரைக்கதை எழுதுவது வேறு துறை.

ஆகவே ஜப்பானியருக்குச் சக்குகா நன்றாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். முகமும் உடலும் கோணிப்போன காட்சியை அவர்கள் 'சக்குகா ஹோகாய்', அதாவது வரைவுச் சிதைவு என்பார்கள். ஜப்பானுக்கு வெளியே உள்ள ரசிகர்களோ, வியக்கவைக்கும் அசைவுள்ள காட்சியை மட்டுமே சக்குகா என்கிறார்கள். நறுமணத்துக்கும் உரியதாயிருந்த 'நாற்றம்' தமிழில் கெட்ட வாடையாகச் சுருங்கியதை இழிபொருட்பேறு என்பர். சக்குகாவுக்கு நேர்ந்தது அதற்கு எதிரான உயர்பொருட்பேறு.

இந்தப் பொருள்மாற்றத்துக்குத் தொழிலின் சிக்கனமும் இடங்கொடுத்தது. நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடினாலும், ஒவ்வொரு படத்தையும் மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, எட்டே படங்களில் அந்த நொடியைக் கடத்துவது தொலைக்காட்சி அனிமேயில் பரவலான முறை. ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடர் 1963இல் தொடங்கிய காலத்திலிருந்தே, பேச்சுக் காட்சிகளில் வாயை மட்டும் அசைத்து உழைப்பை மிச்சப்படுத்துவது வழக்கம். மிச்சப்படுத்தியதைச் சண்டையில் கொட்டும்போது, சுற்றியுள்ள காட்சிகளிலிருந்து அந்தச் சில நொடிகள் பிரிந்து தெரிகின்றன. வரைந்தவரின் பெயரும் நினைவில் நிற்கிறது. 1982இல் வெளிவந்த 'மேக்ராஸ்' தொடரில் ஏவுகணைகள் புகைவால் நீட்டி வளைந்து துரத்தும் காட்சிகள், இச்சிரோ இதானோ என்னும் கலைஞரின் பெயரால் இன்றும் 'இதானோ சர்க்கஸ்' என்றே வழங்குகின்றன.

2019இல் யுஃபோடேபிள் நிறுவனம் தயாரித்த 'டீமன் ஸ்லேயர்' தொடரின் 19ஆம் பகுதி இந்தச் சொல்லோடு பலமுறை சேர்த்துப் பேசப்பட்டது. ரூயி என்னும் அரக்கனிடம் தோற்கவிருக்கும் கதாநாயகன் தன்ஜிரோவுக்கு, தந்தை ஆடிய நெருப்பு நடனம் சண்டையின் நடுவே நினைவுக்கு வருகிறது. அந்த நினைவே புதிய வாள்வீச்சாகிறது. தேவைப்பட்ட கணத்தில் கைகொடுக்கும் அந்த நினைவைக் கதையமைப்பின் வலிமை என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் காட்சி முடியும்வரை அந்தக் குறை கண்ணில் படுவதில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும்: அக்காட்சியின் ஒளியும் தீப்பிழம்பும் மனத்தில் பதிவதற்குக் கணினியில் படங்களை ஒன்றிணைக்கும் பிரிவினரின் உழைப்பும் பெருங்காரணம். அவர்கள் வேலைக்கு ஜப்பானில் சக்குகா என்று பெயரில்லை. ரசிகர் வழக்கோ அதையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

இரண்டு பொருள்களைச் சுமக்கும் சொல்லுக்குத் தமிழிலும் இரண்டு சொற்கள் தேவை. 'அசைவூட்டம்' முழுக்கலையையும் குறிப்பதால் இங்கே பொருந்தாது. தொழிற்பொருளுக்குப் 'படவரைவு' போதும். சக்குகா கன்தொக்கு, 'படவரைவு மேற்பார்வையாளர்' ஆவார். ரசிகர் பொருளுக்கு, ஓசைநயம், சொல்நயம் என்ற வரிசையில் 'வரைநயம்' என்பதை முன்வைக்கிறேன். 'மோசமான படவரைவு' என்று சொல்லலாம். 'மோசமான வரைநயம்' என்று சொன்னால் காதே ஏற்காது. நயங்கள் பல என்பதும் இச்சொல்லுக்குள்ளேயே இருப்பதால், தொடக்கத்தில் கண்ட தீர்ப்பை "வரைநயம் மிகுதி, கதைநயம் குறைவு" என்று எழுதிவிடலாம்.