தணிப்பா, அபாயக் குறைப்பா?

மழைக்காலம் நெருங்கினால் போதும், வடசென்னையில் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள்: ‘சமுதாயம் சார்ந்த பேரிடர் தணிப்பு மண்டலத் திட்டமிடல்’. ‘சமுதாயம் சார்ந்த பேரிடர் தணிப்பு’ என்பது ‘கம்யூனிட்டி பேஸ்டு டிசாஸ்டர் ரிஸ்க் ரிடக்‌ஷன்’ என்பதன் தமிழாம். அதிலிருந்த ‘ரிஸ்க்’ எங்கே போனது?

‘டிசாஸ்டர்’ இத்தாலிய வழி வந்த சொல். கெட்ட நட்சத்திரம் என்று பொருள். நம் ‘இடர்’ தேவாரத்திலேயே உண்டு, பேரிடர் அதன் பெருக்கம். வரலாறு இவ்வளவு போதும்.

கோளாறு ‘தணிப்பில்’தான். கோபம் தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும். எல்லாம் வந்தபின் அடங்குபவை. புயலுக்கு முன்னே செய்கிற வேலைக்கு அந்தச் சொல் எப்படி ஒட்டும்? முகத்துவாரத்து மணலை ஐப்பசிக்கு முன் தூர்வாரினால் கொசஸ்தலையாற்று வெள்ளம் சீக்கிரம் கடலுக்குப் போகும், தாழங்குப்பத்து வீடுகளுக்குள் ஏறுவது குறையும். மழை ஒரு சொட்டும் குறையவில்லையே, குறைந்தது ‘ரிஸ்க்’தானே! 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெயும் கழிமுகத்துக்கு வந்தது. படகும் வலையும் கறுத்துப்போயின. அந்த மழையை யாராலும் தணித்திருக்க முடியாது. எண்ணெயைத் தடுத்திருக்கலாம்.

ஐ.நா.வே 1990களை ‘இயற்கைப் பேரிடர்க் குறைப்பு’ப் பத்தாண்டு என்றுதான் அழைத்தது. பிறகு திருத்திக்கொண்டது, 2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்ற செண்டாய்க் கட்டமைப்பின் பெயரிலேயே ‘ரிஸ்க்’ உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் தொண்ணூறுகளை விட்டு வெளியே வரவில்லை.

‘ரிஸ்க்’கை ஏன் விட்டுவிட்டார்கள் என்பதும் தெரிந்ததுதான். ‘ரிஸ்க்’குக்கு ‘இடர்’ என்று நிதித்துறையில் எழுதிப் பழகிவிட்டோம். ‘பேரிடர் இடர்க் குறைப்பு’ என்றால் நாக்கு சுளுக்கும், ஒன்றை வெட்டிவிட்டார்கள். ‘அபாயம்’ என்று போடலாமே என்றால் வடசொல்லாம். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு, ஆனாலும் இங்கே விட்டுக்கொடுப்பேன். கொருக்குப்பேட்டையில் டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் மண்டையோட்டுப் படத்தோடு தொங்குவது ‘அபாயம்’. மின்சார ரயிலில் இருப்பது அபாயச் சங்கிலி. இன்னும் நடக்கவில்லை, நடக்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சொல் சொல்லும்?

அடுத்து ‘சமுதாயம்’. ‘நீங்க எந்த சமுதாயம்?’ என்று கேட்டால் இங்கே சாதியைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். ‘ஊர்மக்கள்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ‘மண்டலம்’ என்றாலோ மாநகராட்சி மண்டலம்தான் நினைவுக்கு வரும். புழல் ஏரி உபரிநீர் மண்டல எல்லை பார்த்தா ஓடுகிறது? சடையங்குப்பம் பக்கம் கொசஸ்தலையில் கலந்து எண்ணூருக்கு வருகிறது. வழியிலுள்ள ஊர்களெல்லாம் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது திட்டம். அதற்கு ‘வட்டாரம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது.

ஆகவே ‘ஊர்மக்களின் வட்டாரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டம்’. நீளம்தான். நோட்டீஸில் அமைச்சர் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைக்கும்.