சியாலெண்டோஸ்கோபி: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் புடைத்து வலிக்கும். சிறிது நேரம் கழித்து வடிந்துவிடும். உமிழ்நீர் வரும் வழி அடைபட்டிருப்பதன் வழக்கமான அடையாளம் இது. பெரும்பாலும் காரணம் கல். சிலருக்கு அந்த வழியே, அதாவது நாளமே, சுருங்கியிருக்கும். இதற்காகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறவர் கேள்விப்படக்கூடிய பெயர்தான் சியாலெண்டோஸ்கோபி: அந்த நாளத்துக்குள் மெல்லிய அகநோக்குக் கருவியை நுழைத்துப் பார்த்துச் சரிசெய்யும் முறை.

கிரேக்கத்தில் ‘சியாலோன்’ உமிழ்நீர், ‘எண்டோன்’ உள்ளே, ‘ஸ்கோபேயின்’ பார்த்தல். வேர்கள் பழையவை, சிகிச்சைக்கு வயது குறைவு. தாடையடிச் சுரப்பியின் நாளத்தைத் தாமஸ் வார்ட்டன் 1656லேயே விவரித்துவிட்டார். சில ஆண்டுகளில் நீல்ஸ் ஸ்டென்சன் கன்னச் சுரப்பியின் நாளத்தைக் கண்டார். இன்றும் இரண்டுக்கும் அவர்கள் பெயர்தான். ஆனால் அவற்றின் உள்ளே எட்டிப் பார்க்க 1990களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்சில் பிலிப் காட்ஸ் தொடங்கிவைத்த முறையை ஜெனீவாவில் பிரான்சிஸ் மார்ஷல் வளர்த்தெடுத்தார். நாளம் வாயில் திறக்கும் துளை மிகக் குறுகலானது என்பதால் தாமதத்தில் வியப்பில்லை. இன்றைய கருவிகளின் விட்டமே சுமார் 0.8 முதல் 1.6 மி.மீ. வரைதான்.

துளையை மெல்ல விரித்து, கருவியை நுழைத்து, உப்புநீரைச் செலுத்தி நாளத்தை அகலப்படுத்திக்கொண்டே போவார்கள். 3, 4 மி.மீ. வரையிலான கல்லைக் கம்பிக்கூடையில் பிடித்து இழுத்துவிடலாம். பெரிதானால் லேசரால் உடைக்க வேண்டும், அல்லது வாய்க்குள் சிறு கீறல் போட்டு எடுக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் பலூனால் விரிப்பார்கள். முன்பெல்லாம் பலருக்குச் சுரப்பியையே வெட்டி எடுத்தார்கள், கழுத்தில் தழும்பும் முகநரம்புக்கு ஆபத்தும் வந்தன; இப்போது அப்படிப்பட்ட பலருக்குச் சுரப்பி மிஞ்சுகிறது. கடும் சீழ்த்தொற்று இருக்கும்போது மட்டும் இதைத் தள்ளிப்போடுவார்கள். வீங்கிய நாளம் எளிதில் கிழியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதி வழியில் போனால் ‘உமிழ்நீர்ச் சுரப்பி அகநோக்கியியல்’ என்று வரும். எனக்கு இதில் இரண்டு குறைகள் தெரிகின்றன. ‘இயல்’ ஒரு துறையைக் குறிக்கும் ஈறு. இங்கே நடப்பதோ ஒரு செயல். ஆகவே ‘அகநோக்கல்’ போதும். இன்னொன்று முக்கியமானது: கருவி சுரப்பியின் திசுவுக்குள் போவதே இல்லை. பிரதான நாளம், அதன் கிளைகள், அவ்வளவுதான். பள்ளிப் பாடத்தில் ‘நாளமில்லாச் சுரப்பி’ படித்தவர்களுக்கு ‘நாளம்’ புதிய சொல்லும் அல்ல. எனவே ‘உமிழ்நாள அகநோக்கல்’ என்பது என் தேர்வு. கிரேக்கப் பெயர் சொல்லாமல் விட்ட இடத்தையும் அது சொல்லிவிடுகிறது.

‘எச்சில்’ பேச்சில் இயல்பாக வந்தாலும் மிச்சம் என்ற பொருளும் அதற்குண்டு; கலைச்சொல்லில் அந்தக் குழப்பம் வேண்டாம். ‘சிறுதுளை அறுவை’ என்பதும் பொருந்தாது, ஏனென்றால் இங்கே பெரும்பாலும் துளையே போடுவதில்லை, இருக்கிற வழியில்தான் நுழைகிறார்கள். வெறும் பரிசோதனையோடு நிற்காமல் கல்லையும் எடுத்தால் ‘அகநோக்குச் சிகிச்சை’ என்று எழுதலாம். அப்புறம், கல்லுக்குத் தனிப் பெயர் தேட வேண்டியதில்லை: உமிழ்நீர்க்கல்.