கதவத் தொட்டா சுள்ளுனு அடிக்குதா? எல்லாமே கரண்ட் லீக் இல்லங்க

போன மாசி மாசம் திருநகர்ல ஒரு வீட்டுல இருந்து போன். "தம்பி, வீடு பூரா கரண்ட் லீக் ஆகுது, தாப்பாளத் தொட்டாக்கூட அடிக்குது, வெரசா வாங்க." மெயின ஆஃப் பண்ணிட்டு இருங்கக்கா வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனேன். போய்ப் பாத்தா மெயின் ஆஃப்லதான் இருக்கு, இன்வெர்ட்டரும் கிடையாது, அந்தக்கா பிளாஸ்டிக் சேர்ல இருந்து எந்திரிச்சு வந்து தாப்பாளத் தொடுறாங்க, டப்புனு ஒரு அடி. உடனே மறுபடி தொடச் சொன்னேன், ஒண்ணுமில்ல. கட்டியிருந்தது பாலியெஸ்டர் சேலை. "நாளைக்குப் பருத்திச் சுங்குடிச் சேலை கட்டிக்கிட்டு இதே சேர்ல உக்காந்து பாருங்கக்கா"ன்னேன், ஏதோ கிண்டல் பண்றேன்னு நெனச்சுட்டாங்க.

சின்னப்புள்ளைல சீப்பத் தலையில தேச்சு பேப்பர் துண்ட இழுத்தோம்ல, அதேதான் இது, ஸ்டாட்டிக் கரண்ட்னு சொல்லுவாங்க. உரசுனாத்தான் கரண்ட் பொறக்கும்னு நெனைக்கிறோம், ஆனா விஷயமே ரெண்டு பொருள் ஒட்டியிருந்துட்டுப் பிரியுறதுலதான் இருக்கு. ஒட்டும்போது ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு எலக்ட்ரான் தாவிரும், பிரியும்போது திரும்பி வர வழி இல்லாம அங்கேயே மாட்டிக்கும், உரசுறதால ஒட்டுற எடம் கூடுது அவ்ளோதான். கண்ணாடி, தலைமுடி, நைலான் எல்லாம் எலக்ட்ரானக் குடுக்குற கட்சி, பாலியெஸ்டர், பாலித்தீன், பிவிசி பைப்பு எல்லாம் வாங்குற கட்சி. பருத்தி நடுவுல நிக்கும், அது ஈரத்தையும் இழுத்து வச்சுக்கிறதால சேர்ந்த சார்ஜும் நைசா எறங்கிப் போயிரும். சேர்ல உக்காந்திருக்க வரைக்கும் ஒண்ணும் தெரியாது, எந்திரிச்சு வெலகும்போதுதான் வோல்டேஜ் ஏறும்.

வீட்டு வயரிங்குக்கு வர்றதுக்கு முன்னாடி கப்பலூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரீசியனா இருந்தேன். காத்துல ஈரம் ஏத்துற ஹியுமிடிட்டி பிளான்ட் நின்னு போச்சுன்னா போதும், அரை மணி நேரத்துல காத்து காஞ்சு, பாலியெஸ்டர் ஓடுற மெஷின்ல பஞ்சு எல்லாம் ரோலர்ல போய் சுத்திக்கும், பக்கத்துல கைய நீட்டுனா முடி நட்டுக்கிட்டு நிக்கும். பிளாட் பெல்ட் ஓடுற எடத்துல ஏணி மேல நின்னு ஒரு தடவ அடி வாங்குனேன். ஷாக் பெருசில்ல, பதறிக் கீழ விழுந்ததுலதான் மணிக்கட்டு போச்சு. 1929ல வான் டி கிராஃப்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி பட்டு ரிப்பன ஓட விட்டு ஆயிரக்கணக்கான வோல்ட் எடுத்தாருல்ல, எங்க மில்லு பெல்ட்டு அதச் சும்மாவே செஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

நம்ம கைக்கு அடி தெரியணும்னாலே சுமாரா 3,000 வோல்ட் வேணும், காஞ்ச நாள்ல ஒடம்புல 10,000 வோல்ட் வரைக்கும்கூட ஏறும். அப்புறம் ஏன் சாகலன்னா, அதுல இருக்க சார்ஜ் ரொம்பக் கொஞ்சம், கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள தீந்துரும். அந்தப் பொறில இருக்க எனர்ஜி ஏழெட்டு மில்லி ஜூல் வரும். ஆனா பெட்ரோல் ஆவி பத்திக்க கால் மில்லி ஜூலே போதும், பயப்பட வேண்டியது இங்கதான். அதே மில்லுல ஒரு பையன் பிளாஸ்டிக் வாளில பெட்ரோல ஊத்தி, பாலியெஸ்டர் வேஸ்ட் துணிய வச்சு பேரிங்கத் தேச்சுக் கழுவிக்கிட்டு இருந்தான், பக்கத்துல நெருப்பே இல்ல, குபீர்னு பத்திக்கிச்சு. புருவம் கருகுனதோட தப்புச்சான். "பீடிகூடக் குடிக்கலண்ணே"ன்னு அழுதான், எங்க மேஸ்திரி கடைசி வரைக்கும் நம்பல.

புல்லு வெட்டுற மெஷினுக்குன்னு பிளாஸ்டிக் கேன வண்டி புட்போர்டுல வச்சே பெட்ரோல் வாங்குறவங்கள இன்னும் பாக்குறேன். ஓஸ்ல ஓடி வரும்போதே பெட்ரோல் சார்ஜ் ஆகும், பிளாஸ்டிக்குக்கு எர்த் குடுத்தும் பிரயோஜனம் இல்ல, சார்ஜ் அதுல நகரவே நகராது. இரும்புக் கேன் எடுத்துட்டுப் போங்க, தரையில எறக்கி வச்சு பம்பு நாசில கேன் வாயத் தொட்ட மாதிரியே புடிக்கச் சொல்லுங்க. கார்ல இருந்து எறங்கும்போது அடிக்குதுன்னா, சீட்ட விட்டு நகர்றதுக்கு முன்னாடியே கதவோட இரும்பத் தொட்டுக்கிட்டே எறங்குங்க.

வீட்டுல கண்டுபிடிக்கிறது சுலபம். ஒரு தடவ அடிச்சு, உடனே தொட்டா அடிக்கலன்னா ஸ்டாட்டிக். தொடத் தொட அடிச்சா, இல்ல ஜிவ்வுனு இழுத்தா லீக், மறுபடி தொட்டுப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, மெயின ஆஃப் பண்ணிட்டு ஆளக் கூப்புடுங்க.

திருநகர்ல கெளம்புறதுக்கு முன்னாடி, வந்தது வந்தோம்னு மெயினப் போட்டு எல்லாத்துலயும் டெஸ்டர் வச்சேன். தாப்பாள்ல எரியல. கிரைண்டர் பாடில வச்சா வெளக்கு விடாம எரியுது, பிளக்கக் கழட்டிப் பாத்தா எர்த் வயரே மாட்டல. "அதுல லேசாத்தான் இழுக்கும் தம்பி, அது பழகிருச்சு"ங்குறாங்க அந்தக்கா.