கல்லுக்கு அடியில் ஒரு தகடு

பழைய இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் அணிந்த ப்ரூச் (ஆடையில் குத்திக்கொள்ளும் நகை) மாதிரியே செய்தது என்று விற்கிறார்களே, வட்டமாக, மஞ்சளாக, நிறைய சிவப்புக் கட்டங்களோடு, அது படத்தில் நன்றாகத்தான் இருக்கும். கையில் வாங்கிப் பார்த்தால் உயிரே இல்லாத மாதிரி இருக்கும். முலாம் மட்டம் என்று நினைப்போம். கோளாறு பெரும்பாலும் அந்தச் சிவப்பில்தான்.

அசலுக்கு நல்ல உதாரணம் கிங்ஸ்டன் ப்ரூச். 7ஆம் நூற்றாண்டு நகை; இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து 1771இல் எடுத்தார்கள், இப்போது லிவர்பூலில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்குள் தங்கப் பட்டைகளை நிமிர்த்திப் பற்றவைத்துக் குட்டிக் குட்டி அறைகள், அவற்றில் பலவற்றில் அளவாகத் தேய்த்த கார்னெட் என்ற சிவப்புக் கல்லின் வில்லை.

கார்னெட் தடியாக இருந்தால் கறுப்பாகத்தான் தெரியும், பச்சையையும் நீலத்தையும் அப்படி விழுங்கும் கல் அது. அதனால் 1 மி.மீ. அளவுக்கு மெல்லிதாக்கினார்கள். சரி, உள்ளே போன வெளிச்சம் திரும்பி வர வேண்டுமே? அதற்குத்தான் அடியில் தங்கத் தகடு. அதுவும் வழவழப்பாக இருந்தால் கண்ணாடி மாதிரி ஒரு பக்கம் மட்டும் அடித்துவிட்டு மற்ற கோணங்களில் இருண்டு கிடக்கும் என்பதால், அச்சில் அழுத்தி, மில்லிமீட்டருக்கு மூன்று நான்கு கோடு விழுகிற அளவு நுணுக்கமாகக் கட்டம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குழியிலும் சரிவுகள் வேறு வேறு பக்கம் பார்க்கும்; நகையை எப்படித் திருப்பினாலும் ஏதோ ஒரு சரிவு நம் கண்ணுக்குச் சிவப்பை அனுப்பிவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித் தாளை மாவுச் சல்லடை மேல் வைத்து விரலால் தேய்த்தால் கட்டம் பதியும். அதன் மேல் சிவப்பு மிட்டாய்த் தாளை வைத்து விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள், அப்புறம் அழுத்தாத தாளோடும்.

கல்லின் கதை தனி. அந்தக் கால ஐரோப்பிய நகைகளின் கார்னெட்களை ஆய்வகத்தில் சோதித்ததில், 5, 6ஆம் நூற்றாண்டுக் கற்களில் பல இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து போனவை என்று தெரிந்தது. நம் பக்கத்துக் கல், கென்ட் வரை!

இன்றைய மலிவுப் பிரதிகளில் வார்த்த உலோகத்தின் மேல் ஒளி புகாத சிவப்பு எனாமலைப் பூசிவிடுகிறார்கள். வெளிச்சம் மேல்தோலிலேயே நின்றுவிடுகிறது. கார்னெட்டுக்குப் பதில் சிவப்புக் கண்ணாடி போட்டிருந்தால்கூட நான் குறை சொல்ல மாட்டேன், அடியில் கட்டம் போட்ட தகடு இருந்தால் போதும். வாங்கும் முன் ஒரு வீடியோ கேளுங்கள், ஜன்னலோரம் மெதுவாகச் சாய்த்து எடுத்தது. சிவப்புக்குள் மினுக்கம் இடம் மாறிக்கொண்டே இருந்தால் தகடு இருக்கிறது.